ஒரு ஏக்கர் புறம்போக்கு

போர்ட்லாண்ட் விமான நிலையத்துக் கூரையின் பரப்பு ஒன்பது ஏக்கர். முழுக்க மரம். 2024 ஆகஸ்டில் திறந்திருந்தார்கள். நவம்பரில் நான் போய் இறங்கினேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அண்ணாந்து பார்த்தபடி நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முகம் சுளிக்காமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டக்ளஸ் ஃபிர் மரச் சட்டங்களை ஓலைப்பெட்டி முடைவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அலை அலையாக மேலே விட்டிருந்தார்கள். அழைத்துப் போக வந்திருந்த மகள், "அப்பா, ஊர்ப்பட்ட நேரம் பறந்து வந்திருக்கீங்க, களைப்பே தெரியலையா?" என்றாள். "ஒம்போது ஏக்கராம் தாயி" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வருவாய்த்துறையில் 34 வருடம் அடங்கலும் புலப்படமுமாகக் கழித்தவன் நான். கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். எதைப் பார்த்தாலும் பரப்புதான் முதலில் கண்ணில் விழும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் மண்டபம் எத்தனை சென்ட் என்று மனம் அளந்துவிடும். ஆனால் அந்தக் கூரையிலிருந்து சில மைல் தள்ளி, விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில், ஏறக்குறைய ஒரு ஏக்கரில் அறுபது பேர் குடியிருக்கும் ஊர் ஒன்று உண்டென்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கூரை மறந்துபோயிற்று.

மகள் இருப்பது ஹில்ஸ்பரோவில். மருமகனுக்கு இன்டெலில் வேலை. அந்தப் பக்கம் காய்கறிக் கடையில் தமிழ் காதில் விழாமல் வெளியே வர முடியாது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. அங்கிருந்து நகரத்துக்கு ரயில் இருக்கிறது. மூன்றாம் நாளே குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நவம்பர் மழை நம் ஐப்பசி மழைபோல் கொட்டித் தீர்ப்பதில்லை. கடன்காரன்போல வாசலிலேயே நிற்கிறது. அந்த மழையில், பாலங்களுக்கு அடியிலும் நடைபாதை ஓரங்களிலும் கூடாரங்கள். நீல நிறத் தார்ப்பாய்கள், கடைகளில் சாமான் எடுக்கும் தள்ளுவண்டிகள், நனைந்த மெத்தைகள். போர்ட்லாண்ட் அடங்கிய மல்ட்னோமா கவுண்ட்டியில் 2023 கணக்கெடுப்பின்படி வீடில்லாதவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அந்தத் தெருப் பக்கம் போகாதீங்க மாமா" என்பதோடு மருமகன் முடித்துக்கொள்வார்.

பர்ன்சைட் சாலையில் பவல்ஸ் புத்தகக் கடை இருக்கிறது. ஒரு தெருக்கட்டு முழுவதும் ஒரே கடை. அதன் அருகில் ஒருவர் 'ஸ்ட்ரீட் ரூட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தார். வீடற்றவர்களே வாங்கி விற்று வயிற்றைக் கழுவும் பத்திரிகை அது. ஒரு டாலர் கொடுத்து வாங்கினேன். பேச்சுக் கொடுத்ததில், நகரம் ஒப்பந்தம் போட்டு நடத்தும் முகாம்கள் இருக்கின்றன என்றார். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எதைப் பார்க்க வேண்டும்? அவர்கள் எங்களுக்காக நடத்துவதையா, நாங்களே நடத்துவதையா?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டையும் என்றேன். காகிதத்தின் ஓரத்தில் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார்.

அந்த இரண்டு பெயர்களுக்குப் போகும் முன் இந்த நகரத்தின் மூலப் பத்திரத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் உத்தியோகத்துக்குத் துரோகம்.

1843இல் வில்லியம் ஓவர்ட்டன் என்பவர் வில்லமெட் ஆற்றங்கரையில் 640 ஏக்கரைத் தனக்கென்று பதிவு செய்ய நினைத்தார். பதிவுக் கட்டணம் 25 சென்ட் காசு. அது அவரிடம் இல்லை. கூட வந்த அஸா லவ்ஜாய் என்ற வக்கீல் அந்தக் காசைக் கொடுத்துப் பாதி நிலத்தை வாங்கிக்கொண்டார். ஓவர்ட்டன் தன் பாதியையும் பிறகு பிரான்சிஸ் பெட்டிகுரோவ் என்ற வியாபாரியிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். 1845இல் லவ்ஜாயும் பெட்டிகுரோவும் ஊருக்குப் பெயர் வைக்கக் காசு சுண்டினார்கள். ஒருவருக்குத் தன் ஊரான பாஸ்டன் பெயர் வேண்டும், மற்றவருக்கு மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்ட். பெட்டிகுரோவ் ஜெயித்தார். சுண்டிய செம்புக் காசு ஒரிகன் வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு மறுபக்கம் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். 25 சென்ட் இல்லாத ஆள் ஒருவன் குடிசை போட்ட ஆக்கிரமிப்பில்தான் இந்த நகரமே முளைத்திருக்கிறது.

அதற்கு முன் அங்கே இருந்தவர்கள் கதை வேறு. 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, குடியேறிய வெள்ளைக்கார ஆணுக்கு 320 ஏக்கர், மனைவி இருந்தால் இன்னொரு 320 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தது. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்த மல்ட்னோமா மக்களின் பெயர் கவுண்ட்டிக்கு மிஞ்சியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு பி மெமோகூடக் கிடைக்கவில்லை.

பி மெமோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அரசுப் புறம்போக்கில் யாராவது குடிசை போட்டால் கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் ஆக்கிரமிப்புக் குறிப்பு அது. அதற்கு அபராதம் கட்ட வேண்டும். பிறகு 1905ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஏழாம் பிரிவு நோட்டீஸ், ஆறாம் பிரிவில் வெளியேற்றம் என்று போகும். நான் வேலை பார்த்த ஒரு தாலுகாவில் ஓடைக் கரையில் குடியிருந்த கிழவி, வருடா வருடம் நான் போட்ட மெமோக்களைத் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தாள். அபராதத்தைச் சந்தோஷமாகக் கட்டிவிட்டு, "ரசீது குடுங்க சாமி" என்று கறாராகக் கேட்டு வாங்குவாள். அரசாங்கம் தன்னைத் திட்டி எழுதிய காகிதமானாலும் அதில் தன் பேர் இருக்கிறதல்லவா? அவள் கணக்கு அது. கடைசியில் ஒரு கோடையில் ஜேசிபி வந்தது. கூட நின்றவன் நான்.

போர்ட்லாண்டில் அந்த நோட்டீஸுக்குத்தான் இருபது வருடத்துக்கு மேலாக வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பொது இடத்தில் கூடாரம் போடக்கூடாது என்ற நகரத்துச் சட்டம் செல்லாது என்று 2000இல் மல்ட்னோமா கவுண்ட்டி நீதிபதி ஒருவர் சொன்னார். படுக்க வேறு இடமில்லாதவனைப் படுத்ததற்காகத் தண்டிப்பது எப்படி நியாயம் என்பது கேள்வி. 2018இல் பாய்சி நகர வழக்கில் மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது: படுக்கை கொடுக்க முடியாத நகரம் படுத்தவனைத் தண்டிக்க முடியாது. அதனால் தெருவைக் காலி செய்ய நினைத்த நகரங்கள் எல்லாம் முதலில் ஓர் இடத்தைக் காட்டியாக வேண்டிய கட்டாயம் வந்தது. நகரம் நிலத்தைக் கொடுக்கும், பணத்தைக் கொடுக்கும். நடத்துவதற்கு லாப நோக்கில்லாத அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் போடும். 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், இதே ஒரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர் வழக்கில், ஆறுக்கு மூன்று என்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. இடம் காட்டாமலும் தண்டிக்கலாம் என்றாகிவிட்டது. நான் போனது அந்தத் தீர்ப்பு வந்து ஐந்தாவது மாதம். மேயர் தேர்தலும் அப்போதுதான் நடந்திருந்தது. லாரி கம்பெனி நடத்திய கீத் வில்சன் என்பவர், ஒரு வருடத்துக்குள் யாரும் வெளியில் படுக்கும் நிலைமை இருக்காது என்று சொல்லி வென்றிருந்தார்.

காகித ஓரத்தில் இருந்த முதல் பெயர் கிளின்டன் டிரையாங்கிள். 2022 நவம்பரில் நகர மன்றம், தெருக் கூடாரங்களைத் தடை செய்து, அதற்குப் பதிலாக ஒவ்வொன்றும் 250 பேர் வரை கொள்ளும் பெரிய முகாம்கள் ஆறு அமைப்பதென்று தீர்மானம் போட்டது. அதில் முதலாவதாக 2023 ஜூலையில் திறந்தது இது. பெயருக்கேற்ற முக்கோணத் துண்டு. ரயில் பாதையை ஒட்டியது. எங்கள் பாஷையில் சொன்னால், வீட்டு மனைக்கு யாரும் கேட்காத கோணல் துண்டு. சுற்றிலும் வேலி. உள்ளே வரிசை வரிசையாக நூற்றுக்கு மேற்பட்ட சிறு அறைகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே முகம். ஒவ்வொன்றுக்கும் பூட்டும் கதவு, மின்சாரம், குளிருக்குச் சூடு. பொதுவில் கழிவறை, குளியலறை, துணி துவைக்க இயந்திரம், சாப்பாடு.

நான் போனபோது நடத்தியது அர்பன் ஆல்கெமி. 2018இல் சான் பிரான்சிஸ்கோவில் லீனா மில்லர் என்ற பெண்மணி தொடங்கிய அமைப்பு. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நீண்டகாலம் சிறையில் இருந்து வெளியே வந்தவர்கள். சிறை முற்றத்தில் சண்டை மூளும் முன்பே மோப்பம் பிடித்துப் பழகியவனுக்குத் தெருவில் ஒருவன் முகம் மாறுவதும் முன்கூட்டியே தெரியும் என்பது அவர்கள் கொள்கை. வாசலில் நின்ற ஊழியர் என்னை உள்ளே விடவில்லை. விடாதது நியாயம், அது மனிதர்கள் உறங்கும் இடம், நான் வேடிக்கை பார்க்க வந்தவன். "ஐயா" என்று சொல்லித்தான் மறுத்தார். பத்து நிமிடம் எதிரே நின்றேன். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்தார், பெயரைச் சொன்னார், ஊழியர் பட்டியலில் குறித்துக்கொண்டார், அம்மாள் மழைக்குள் போனார். திறந்த கதவு மூடிக்கொண்டது.

இந்த வகை முகாமுக்கு ஆகும் செலவு தலை சுற்ற வைப்பது. இதே அமைப்பு நடத்திய இடங்களும் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோவின் கூடார முகாம்களுக்கு 2021இல் நகரம் செலவிட்ட கணக்கு வெளியானது: 262 கூடாரங்களுக்கு வருடம் 161 லட்சம் டாலர். கூடாரம் ஒன்றுக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் நாற்பது லட்சம் ரூபாயைத் தாண்டும். மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. கூடாரத்துணியின் விலையா அது? மூன்று ஷிப்ட் காவல், சாப்பாடு, கழிவறை சுத்தம், மேற்பார்வை எல்லாம் சேர்ந்தது. அரசாங்கக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் அதிர்ச்சி குறைந்துவிடவில்லை.

இரண்டாவது பெயர் டிக்னிட்டி வில்லேஜ். இதை எப்படித் தமிழில் சொல்வதென்று கார் போகும் வழியெல்லாம் யோசித்தேன். கண்ணியம் என்றால் மேடை வாடை அடிக்கிறது. மாண்பு என்றால் சட்டமன்றம். மானம் மரியாதை என்று எங்கள் ஊரில் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஒன்று போனால் மற்றதும் போய்விடும் என்ற பயத்தில். பெயரைத் தமிழாக்காமலே விட்டுவிடுகிறேன்.

கொலம்பியா ஸ்லூ என்னும் தேங்குநீர் ஓடையைத் தாண்டி வடக்கே போனால் கிடங்குகள், லாரிகள், வெட்டவெளி. மகள் இரண்டு முறை, "சரியான வழிதானாப்பா?" என்று கேட்டாள். சண்டர்லாண்ட் அவென்யூ. ஒரு பக்கம் மாநிலச் சிறைச்சாலை. இன்னொரு பக்கம் நகராட்சியின் உரக்கிடங்கு: இலையுதிர் காலத்தில் போர்ட்லாண்டின் தெருக்களில் வாரும் இலைகளை எல்லாம் இங்கே கொண்டுவந்து மலை மலையாகக் குவித்து மக்க வைக்கிறார்கள். நான் போனது சரியாக இலை வாரும் பருவம். குவியல்களின் மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. மேலே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். சிறை, குப்பை, இரைச்சல் மூன்றுக்கும் நடுவில் ஊர். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் எந்த ஊர் அதிகாரியாக இருந்தாலும் அவர் எனக்குச் சொந்தக்காரர். சேரிக்கும் சமத்துவபுரத்துக்கும் நாங்கள் நிலம் தேடிய லட்சணம் எனக்குத் தெரியாதா?

ஆனால் வேலிக்குள் எட்டிப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வீடுபோல இன்னொரு வீடு இல்லை. பழைய பலகை, கழித்துப்போட்ட ஜன்னல், எங்கோ இடித்த வீட்டின் கதவு என்று கிடைத்ததை வைத்துக் கட்டிய குட்டி வீடுகள். ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா. ஒன்றின் முன்னால் திண்ணை மாதிரி ஒரு மேடை, அதில் பூனை. தரை முழுக்கத் தார் போட்டதால் மண் கிடையாது. மரப்பெட்டிகளில் மண் நிரப்பிச் செடி வளர்த்திருந்தார்கள். வீடுகளுக்குள் குழாய் கிடையாது, கழிவறை பொதுவில். வாசலை ஒட்டிக் காவல் குடில். அதில் முறை வைத்துக் காவல் இருப்பது ஊர்க்காரர்களே. நான் போனபோது நரைத்த தாடியும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் எழுதச் சொல்லி நோட்டை நீட்டினார். பழக்க தோஷத்தில் கையெழுத்துக்குக் கீழே பதவியையும் எழுதிவிட்டேன். அது என்ன என்று கேட்டார். நிலக் கணக்கு பார்க்கும் உத்தியோகம், இப்போது ஓய்வு என்றேன். "எங்களை அளக்க வந்தீரா?" என்று சிரித்தார்.

2000 டிசம்பர் 16 அன்று எட்டுப் பேர், ஐந்து கூடாரங்களோடு பொது நிலத்தில் உட்கார்ந்ததில் தொடங்குகிறது இந்த ஊரின் கதை. விரட்டினார்கள். வேறு இடத்துக்குப் போனார்கள். மறுபடி விரட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மூட்டை முடிச்சுகளைத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, ஒளிந்து ஓடாமல், பட்டப்பகலில் நகரத்தின் நடுவே ஊர்வலமாகப் போனார்கள். சப்பரம் வருவதுபோல வரிசையாக வண்டிகள் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் கூடினார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் உதவிக்கும் வந்தார்கள். ஃபிரீமான்ட் பாலத்தடியில் கொஞ்ச காலம் இருந்தார்கள். 2001 செப்டம்பரில் நகரம் இந்த உரக்கிடங்கின் ஓரத்தைக் காட்டியது. நகர மையத்திலிருந்து வெகுதூரம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி அனுப்பினார்கள். அரசாங்கத்தில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு உள்ள ஆயுள் எனக்குத் தெரியும். நான் பார்த்த அன்று அந்தத் தற்காலிகத்துக்கு 23 வயது.

ஒப்பந்தம் போட எதிர்த் தரப்பு ஒன்று வேண்டுமே. வீடில்லாத எட்டுப் பேரோடு நகரம் எப்படிக் கையெழுத்துப் போடும்? அதற்கு அவர்கள் செய்த காரியம்தான் என்னை அசத்தியது. தாங்களே லாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிவு செய்துகொண்டார்கள். குடியிருப்பவர்களே உறுப்பினர்கள், அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதே நிர்வாகக் குழு. 2004இல் நகர மன்றம் அந்தத் துண்டு நிலத்தை மாநிலச் சட்டத்தின் கீழ் அனுமதிக்கப்பட்ட முகாம் என்று அறிவித்தது. பிறகு ஒப்பந்தங்கள். நகரம் ஒரு பக்கம், ஊர் மறுபக்கம். ஓடைக் கரைக் கிழவி என் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து, எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்ததற்குச் சமம் இது.

ஐந்து விதிகள். கை நீட்டக்கூடாது. திருடக்கூடாது. ஊருக்குள்ளும் அதை ஒட்டிய தெருக்கட்டிலும் சாராயமும் போதையும் கூடாது. ஓயாமல் தொல்லை கொடுக்கக்கூடாது. எல்லோரும் ஊர் வேலை செய்ய வேண்டும். மீறினால் வெளியேற்றுவதும் அவர்களே. அறுபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. குடியிருப்பவர்கள் மாதம் ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். விறகு பிளந்து விற்றுச் செலவைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். 2012 ஒப்பந்தத்தில் நகரம் ஒரு நிபந்தனை நுழைத்தது: யாரும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஊர் இருக்கும், ஊர்க்காரர்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சத்திரத்துக்குப் பொருந்தும் விதி, ஊருக்குப் பொருந்துமா? சட்டப்படி இது இடைக்காலத் தங்குமிடம்தானே என்பது நகரத்தின் கட்சி. கையால் வீடு கட்டியவன் அதைத் தங்குமிடம் என்று நினைப்பதில்லை என்பது இவர்களுடையது. 34 வருடத்தில் எத்தனை ஜமாபந்தியில் இந்த வாதத்தைக் கேட்டிருப்பேன்!

இதை நிறுவியவர்களில் ஒருவரான இப்ராஹிம் முபாரக் அதோடு நிற்கவில்லை. 2011 அக்டோபர் 10 அன்று, நகரின் சீனப் பகுதி நுழைவு வளைவுக்குப் பக்கத்துக் காலிமனையில், சொந்தக்காரரின் சம்மதத்தோடு, 'ரைட் டு ட்ரீம் டூ' என்ற இரவு ஓய்விடத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். பழைய கதவுகளை வரிசையாக நிறுத்தி, சித்திரம் தீட்டி, அதையே வேலியாக்கினார்கள். வீடில்லாதவர்களைச் சுற்றி முழுக்கக் கதவுகள்! நகரம் நிலச் சொந்தக்காரருக்கு அபராதம் போட்டது. வருடக் கணக்கில் இழுத்து, 2017இல் அது ஆற்றுக்குக் கிழக்கே, கூடைப்பந்து மைதானத்தின் பக்கம் நகர்ந்தது. பர்ன்சைடில் அந்த மூலையைத் தேடிப் போனேன். டிராகன் வளைவு இருந்தது. கதவுகள் இல்லை.

தாடிக்காரரோடு ஊரைச் சுற்றி வந்தேன். அடுத்த வேலிக்கு அப்பால் வேன் வண்டிகள் வரிசையாக நின்றன. அதுவும் நகரத்தின் ஏற்பாடு. வண்டியையே வீடாக வைத்திருப்பவர்களுக்கு 2023இல் திறந்த இடம். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டேன். "சால்வேஷன் ஆர்மி" என்றார். நான் நின்றுவிட்டேன். இரட்சணிய சேனை! நாகர்கோவிலில் அவர்களுடைய கேதரின் பூத் ஆஸ்பத்திரியில்தான் என் மகள் பிறந்தாள்; காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இதே மகள். பிரசவ அறை வாசலில் சிவப்புப் பட்டை சீருடைக்காரர் ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. தாடிக்காரரிடம் சொன்னேன். "அப்படியானால் நீங்கள் நம்ம பக்கத்து வீட்டுக்காரர்" என்றார்.

இரண்டு இடங்களையும் பார்த்தபின் எது மேல் என்று மகள் கேட்டாள். டிக்னிட்டி வில்லேஜில் குளிர் அதிகம். பலகை இடுக்கில் காற்று வருகிறது. கூட்டம் போட்டே பொழுது போய்விடும் போலிருக்கிறது. அறுபது பேரில் பத்துப் பேர் மற்ற ஐம்பது பேருக்காக உழைப்பதாகத் தாடிக்காரரே அலுத்துக்கொண்டார். போதையில் கிடப்பவரும், மனம் கலங்கியவரும் இங்கே வந்து முறைக்காவல் பார்க்க முடியாது. அவர்களுக்குக் கிளின்டன் டிரையாங்கிள் மாதிரி இடம் வேண்டும். சூடும் சோறும் பூட்டும் வேண்டும். ஆறாயிரம் பேருக்கு அறுபது பேர் ஊர் எம்மாத்திரம்? இதெல்லாம் சரி. ஆனாலும் ஒப்பந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். முக்கோணத் துண்டின் காகிதத்தில் நகரத்தின் பெயர் இருக்கிறது, நடத்துபவரின் பெயர் இருக்கிறது. உள்ளே படுத்திருப்பவர் அந்தக் காகிதத்தில் ஓர் எண்ணிக்கை. உரக்கிடங்கு ஓரத்துக் காகிதத்தில் படுத்திருப்பவரே ஒரு தரப்பு. நகரம் அவரிடம் கேட்டால் அவர் பதில் எழுத வேண்டும். அவர் எழுதினால் நகரமும் பதில் எழுதியாக வேண்டும். மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இங்க குளிரு ஜாஸ்தி தாயி" என்று மட்டும் சொன்னேன்.

புறப்படும் முன் தாடிக்காரர் கேட்டார்: "உங்கள் ஊரில் இப்படி நாங்கள் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"நோட்டீஸ் கொடுத்திருப்பேன்."

"அப்புறம்?"

"காலி செய்திருப்பேன்."

"அப்புறம்?"

"அடுத்த வருடம் நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். மறுபடி நோட்டீஸ்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாட்டுக்கும் இதிலாவது ஒற்றுமை இருக்கிறதே என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முறை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. குடிலுக்கு வெளியே தலையை நீட்டி ஊதா வீட்டுப் பக்கம் ஒரு சத்தம் போட்டார். பதில் இல்லை. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்றால் குழுவுக்குப் போகும் என்று முணுமுணுத்தபடி, மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு நோட்டை எடுத்தார். கோடு போட்ட நோட்டு. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

பழக்க தோஷம், எட்டிப் பார்த்தேன். தேதி. நேரம். பெயர். குற்றம். எழுதியவர் கையொப்பம். பத்திகளுக்கு நடுவில் கோடுகூட அடிமட்டம் வைத்துப் போட்டிருந்தது.

வெளியே மகள் ஹாரன் அடித்தாள். அவர் நிமிரவில்லை. நேரம் என்ற பத்தியில் நாலு பத்தா, நாலு பதினைந்தா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.